பருவகாலம், வானிலை மற்றும் வர்த்தகப் பகுதிகளின் உச்ச மின்கேள்வி

மாணவர்களே, வெப்பம், நீராவி, மின்வலு ஆகியவற்றை விஞ்ஞான பாடத்திலும் பருவக்காற்றுகளைப் புவியியல் பாடத்திலும் நீங்கள் தனித்தனியே கற்றிருப்பீர்கள். இவ்விரண்டும் சந்திக்கும் ஓர் இடமே இப்பாடம். அட்டவணை ஒன்றையோ வரைபு ஒன்றையோ தந்து காரணம் கேட்கும் வினாக்களுக்கு விடையெழுத இது உங்களுக்குத் துணைபுரியும்.

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,

• மின்சக்தி, மின்வலு, உச்சக் கேள்வி ஆகியவற்றை வேறுபடுத்திக் கூறவும்,
• வெப்பநிலையும் ஈரப்பதனும் மின்கேள்வியை உயர்த்தும் விதத்தை விளக்கவும்,
• இலங்கையின் பருவங்களுக்கேற்ப வர்த்தகப் பகுதிகளின் மின்கேள்வி மாறும் விதத்தை விவரிக்கவும்,
• சுமைக் காரணியைக் கணித்து அதன் கருத்தைக் கூறவும் கூடியவராவீர்கள்.

1. அடிப்படை எண்ணக்கருக்கள்

ஒரு செக்கனில் பயன்படுத்தப்படும் சக்தியே வலு எனப்படும். வலுவின் அலகு வாற்று. ஒரு கிலோவாற்று வலுவை ஒரு மணித்தியாலம் தொடர்ந்து பயன்படுத்தினால் செலவாகும் சக்தி ஒரு கிலோவாற்று மணித்தியாலம் ஆகும். மின்கட்டணப் பட்டியலில் "அலகு" என்று குறிக்கப்படுவது இதுவே.

ஒரு பிரதேசத்தில் ஒரு குறித்த கணத்தில் இயங்கும் எல்லா மின்னுபகரணங்களும் சேர்ந்து வேண்டி நிற்கும் வலு, அக்கணத்தின் மின்கேள்வி ஆகும். ஒரு நாளிலோ ஒரு மாதத்திலோ ஓர் ஆண்டிலோ பதிவாகும் அதியுயர் மின்கேள்வி உச்சக் கேள்வி எனப்படும்.

இவ்விரண்டையும் ஏன் பிரித்தறிய வேண்டும்? அரிசியைப் போல மின்சாரத்தை மூடையில் கட்டி வைத்துத் தேவையானபோது எடுக்க முடியாது. பெரிய அளவில் மின்சாரத்தைச் சேமித்து வைப்பது செலவு மிக்கது. ஆகவே ஒவ்வொரு கணமும் கேள்விக்குச் சமனான வலு பிறப்பிக்கப்பட வேண்டும். இச்சமநிலை பேணப்படும்போதுதான் எமது மின்வழங்கலின் மீடிறன் 50 ஹேட்சில் நிலைத்து நிற்கும். கேள்வி கூடி வழங்கல் குறைந்தால் மீடிறன் வீழும். அது அளவு கடந்தால் மின்தடை ஏற்படும்.

எனவே மின்நிலையங்கள், வடங்கள், தெருவோரங்களில் நீங்கள் காணும் நிலைமாற்றிகள் யாவும் சராசரிக் கேள்விக்காக அன்றி உச்சக் கேள்விக்காகவே அமைக்கப்படுகின்றன. ஆண்டில் சில மணித்தியாலங்களுக்கு மட்டுமே வேண்டப்படும் வலுவுக்காகவும் ஆண்டு முழுவதும் செலவிட வேண்டியுள்ளது. இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே.

2. வர்த்தகப் பகுதியின் ஒரு நாள்

இலங்கையின் தேசிய மின்கேள்வி வரைபில் நெடுங்காலமாகவே மாலை 6.30 மணிக்கும் இரவு 10.30 மணிக்கும் இடையில் உச்சம் காணப்படுகிறது. வீடுகளில் விளக்குகள், தொலைக்காட்சி, சமையல் உபகரணங்கள் ஆகியன ஒரே நேரத்தில் இயங்குவதே இதற்குக் காரணம்.

வர்த்தகப் பகுதிகளின் வரைபு வேறு வடிவமுடையது. கொழும்பு கோட்டையையும் புறக்கோட்டையையும் எண்ணிப் பாருங்கள். காலை 8 மணியளவில் அலுவலகங்களும் கடைகளும் திறக்கும்போது கேள்வி விரைவாக ஏறுகிறது. மின்னுயர்த்தி, கணினி, விளக்கு, குளிர்சாதனப்பெட்டி, நாம் பேச்சில் "ஏசி" என்று சொல்லும் வளிச்சீராக்கி எல்லாம் ஒன்றாக இயங்குகின்றன. முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் கேள்வி உச்சத்தை அடைகிறது. மாலை 5 மணிக்குப் பின்னர் அலுவலகங்கள் மூடப்படக் கேள்வி இறங்குகிறது.

இவ்வுபகரணங்களை வானிலைக்கு இசையும் விதத்தில் இரண்டாக வகுக்கலாம். விளக்கு, கணினி, மின்னுயர்த்தி ஆகியவற்றின் கேள்வி வெயிலானாலும் மழையானாலும் பெரிதாக மாறாது. வளிச்சீராக்கி, மின்விசிறி, குளிர்பான, ஐஸ்கிறீம் பெட்டிகள், ஐஸ் தொழிற்சாலை ஆகியவற்றின் கேள்வி வானிலையோடு ஏறி இறங்கும். வெளி வெப்பநிலை உயரும்போது குளிர்பானப் பெட்டியின் அமுக்கி கூடிய நேரம் இயங்க வேண்டியிருப்பதைக் கடைகளில் நீங்களே கவனிக்கலாம்.

3. வெப்பநிலை உச்சத்தை உயர்த்துவது எவ்வாறு?

கட்டடத்தினுள் வெப்பம் மூன்று வழிகளில் நுழைகிறது. சுவர், கூரை, கண்ணாடி ஊடாகக் கடத்தல் மூலமும், திறந்த கதவுகள் ஊடாக வெப்பவளி புகுவதால் மேற்காவுகை மூலமும், சூரிய ஒளியின் கதிர்வீசல் மூலமும் அது வருகிறது. உள்ளிருக்கும் மனிதரும் உபகரணங்களும் மேலும் வெப்பத்தைச் சேர்க்கின்றன.

கடத்தல் மூலம் ஒரு செக்கனில் புகும் வெப்பம், உள், வெளி வெப்பநிலைகளின் வித்தியாசத்துக்கு நேர்விகித சமனானது. பின்வரும் இரு நாட்களை ஒப்பிடுக.

மழை மூடிய நாள்: வெளியே 28 பாகை செல்சியஸ், உள்ளே 24 பாகை. வித்தியாசம் 4 பாகை.
வெயில் நாள்: வெளியே 32 பாகை, உள்ளே 24 பாகை. வித்தியாசம் 8 பாகை.

வெளி வெப்பநிலை உயர்ந்தது 4 பாகை மட்டுமே. ஆயினும் கடத்தலால் புகும் வெப்பம் இரு மடங்காகிவிட்டது. மேலும், வெளிவளி சூடாக இருக்கும்போது வளிச்சீராக்கி தான் உறிஞ்சிய வெப்பத்தை வெளியேற்றுவது கடினமாகிறது. அதனால் அதன் வினைத்திறன் குறைகிறது. செய்ய வேண்டிய வேலை கூட, செய்யும் திறன் குறைகிறது. இவ்விரு காரணங்களும் ஒன்றுசேர்வதாலேயே வெப்பநிலையில் ஏற்படும் சிறு உயர்வு உச்சக் கேள்வியில் பெரிய உயர்வாக வெளிப்படுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொங்கிறீற்றும் செங்கல்லும் பகலில் வெப்பத்தைச் சேமித்து இரவில் மெல்ல வெளிவிடுகின்றன. இரவு குளிராவிட்டால் மறுநாள் காலையில் கட்டடம் ஏற்கெனவே சூடாக இருக்கும். எனவே தொடர்ச்சியான வெப்ப நாட்களில், முதலாம் நாளைவிட மூன்றாம் நாளில் கேள்வி உயர்வாக இருப்பது இயல்பு.

4. ஈரப்பதனின் பங்கு

வெப்பநிலைமானியை மட்டும் பார்த்து மின்கேள்வியை மதிப்பிடுவது தவறு. வளிச்சீராக்கி வளியைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள நீராவியையும் ஒடுங்கச் செய்கிறது. நகரங்களில் கடைகளின் முன்னால் நடந்து செல்லும்போது மேலிருந்து குழாய் வழியாக நீர் சொட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அது வளியிலிருந்து ஒடுங்கிய நீரே. நீராவி ஒடுங்கும்போது வெளிவிடும் மறைவெப்பத்தையும் வளிச்சீராக்கியே வெளியேற்ற வேண்டும்.

கணிப்பு: ஒரு வளிச்சீராக்கியிலிருந்து மணித்தியாலத்துக்கு 2 கிலோகிராம் நீர் வடிகிறது எனக் கொள்க. அறை வெப்பநிலையை அண்டிய நிலையில் ஒரு கிலோகிராம் நீராவி ஒடுங்கும்போது வெளிவிடும் வெப்பம் சுமார் 24 இலட்சம் யூல் ஆகும்.

வெளிவிடப்படும் வெப்பம் = 2 × 24 இலட்சம் = 48 இலட்சம் யூல்
ஒரு செக்கனில் = 48,00,000 ÷ 3,600 = சுமார் 1,333 வாற்று

நல்ல நிலையிலுள்ள வளிச்சீராக்கி ஒன்று ஓர் அலகு மின்சக்தியைக் கொண்டு ஏறத்தாழ 3 அலகு வெப்பத்தை வெளியேற்றும் எனக் கொண்டால், இந்நீரை ஒடுக்குவதற்கு மட்டும் வேண்டிய மின்வலு சுமார் 444 வாற்று ஆகும். வளியின் வெப்பநிலையை ஒரு பாகையேனும் குறைக்காமலே செலவாகும் வலு இது! எனவே ஒரே வெப்பநிலையுடைய இரு நாட்களில், சாரீரப்பதன் கூடிய நாளிலேயே மின்கேள்வி கூடும்.

5. இலங்கையின் நான்கு பருவங்களும் மின்கேள்வியும்

(அ) முதலாம் இடைப்பருவம், மார்ச் – ஏப்ரல்: ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் காணப்படும். காற்று தணிந்திருக்கும், வளியில் ஈரப்பதன் கூடியிருக்கும். கொழும்பில் சராசரி உயர் வெப்பநிலை ஜனவரியில் ஏறத்தாழ 31 பாகை. ஏப்ரலில் ஏறத்தாழ 32 பாகை. வித்தியாசம் சிறிதே. ஆனால் ஜனவரியில் 22 பாகை அளவுக்கு இறங்கும் அதிகாலை வெப்பநிலை, ஏப்ரல், மே மாதங்களில் 25 பாகையை ஒட்டியே நிற்கிறது. கட்டடங்கள் இரவில் குளிர்வதில்லை. புழுக்கமும் சேர்கிறது. இதனாலேயே கொழும்பின் வர்த்தகப் பகுதிகளில் இக்காலத்தில் குளிரூட்டற் சுமை மிகுகிறது.

இக்காலத்தில் பிற்பகலில் இடிமழை பெய்வதுண்டு. காலையில் ஏறிய கேள்வி, மழை தொடங்கியதும் திடீரெனக் குறையலாம். அதே வேளை முகில் மூடுவதால் கூரைச் சூரிய மின்கலங்களின் உற்பத்தியும் குறைகிறது. இருளால் கடைகளில் விளக்குகளும் எரிகின்றன. ஆகவே "மழை பெய்தால் கேள்வி குறையும்" என்று ஒரே வரியில் விடையெழுதாதீர்கள்.

(ஆ) தென்மேல் பருவக்காற்றுக் காலம், மே – செப்டெம்பர்: மேற்குக் கரையிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலும் முகிலும் மழையும் கூடுவதால் அங்கு பகல் வெப்பநிலை சற்றுத் தணிகிறது. கிழக்கில் நிலைமை எதிர்மாறானது. மலைகளைக் கடந்து இறங்கும் காற்று உலர்ந்து வெப்பமடைகிறது. கிழக்கிலங்கை மக்கள் கச்சான் காற்று என அழைப்பது இதனையே. திருகோணமலையில் ஜனவரியில் 28 பாகை அளவிலிருக்கும் சராசரி உயர் வெப்பநிலை, ஜூன், ஜூலை மாதங்களில் 34 பாகையைத் தாண்டுகிறது. நிலாவெளி, பாசிக்குடா ஆகிய கடற்கரைகளில் உல்லாசப் பயணிகள் கூடும் காலமும் இதுவே. வெப்பமும் விருந்தினரும் ஒன்றாக வருவதால் அங்குள்ள விடுதிகளின் உச்சக் கேள்வி கொழும்பைப் போல ஏப்ரலில் அன்றி ஆண்டின் நடுப்பகுதியில் அமைகிறது.

யாழ்ப்பாணத்தில் இக்காலத்தில் சோளகக் காற்று வீசும். ஓகஸ்ட் மாதத்தை ஒட்டி 25 நாட்கள் நடைபெறும் நல்லூர்த் திருவிழாவின்போது கடைகள் இரவிலும் திறந்திருக்கும். இங்கு வானிலையோடு பண்பாடும் கேள்வியைத் தீர்மானிக்கிறது.

(இ) இரண்டாம் இடைப்பருவம், ஒக்டோபர் – நவம்பர்: நாடெங்கும் மழை பரவலாகப் பெய்யும். வெப்பம் தணிந்தாலும் ஈரப்பதன் உயர்வாக இருக்கும். தீபாவளி வியாபாரமும் இக்காலத்திலேயே நடைபெறுகிறது.

(ஈ) வடகீழ் பருவக்காற்றுக் காலம், டிசெம்பர் – பெப்ரவரி: வடக்கிலும் கிழக்கிலும் மழையும் வாடைக் காற்றும் குளிர்ச்சியைத் தருவதால் குளிரூட்டற் சுமை குறைகிறது. ஆயினும் டிசெம்பரில் பண்டிகைக்கால அலங்கார விளக்குகளும் நீடித்த வியாபார நேரமும் கொழும்பு போன்ற நகரங்களின் மாலைக் கேள்வியை உயர்த்துகின்றன.

6. குளிரும் கேள்வியை உயர்த்தும்

வெப்பம் மட்டுமே உச்சத்துக்குக் காரணம் என எண்ணக்கூடாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவிலேயே உள்ளது. அங்குள்ள விடுதிகளுக்கு வளிச்சீராக்கி வேண்டியதில்லை. சுடுநீர் உபகரணங்களும் வெப்பமாக்கிகளுமே வேண்டும். அங்கு குளிர் கூடினால் கேள்வி கூடும்.

மின்சாரத்தால் வீடுகளைச் சூடாக்கும் பழக்கம் மிகுந்த பிரான்ஸ் நாட்டில், கடுங்குளிர் நிலவிய 2012 பெப்ரவரி 8 அன்று இரவு 7 மணியளவில் கேள்வி 1,01,000 மெகாவாற்றைக் கடந்தது. ஆக, வெப்பநிலைக்கு எதிரே மின்கேள்வியைக் குறித்து வரைபு வரைந்தால், இரு வகைத் தேவையும் உள்ள நாடுகளில் அது கிண்ணத்தின் வடிவை எடுக்கும். இலங்கையின் தாழ்நிலங்களுக்கு அக்கிண்ணத்தின் வலப்பக்கம் மட்டுமே பொருந்தும்.

7. மாதிரிக் கணிப்பு: சுமைக் காரணி

சராசரிக் கேள்விக்கும் உச்சக் கேள்விக்கும் உள்ள விகிதம் சுமைக் காரணி எனப்படும். இது பொதுவாக நூற்றுவீதமாகத் தரப்படும்.

கற்பனை வர்த்தகக் கட்டடம் ஒன்றின் கேள்வி, கிலோவாற்றில்:

நேரம் — மழை நாள் — ஏப்ரல் வெயில் நாள்
நள்ளிரவு 12 – காலை 8 — 20 — 24
காலை 8 – நண்பகல் 12 — 60 — 84
நண்பகல் 12 – பிற்பகல் 4 — 70 — 112
பிற்பகல் 4 – இரவு 8 — 50 — 66
இரவு 8 – நள்ளிரவு 12 — 20 — 26

மழை நாள்:
மொத்தச் சக்தி = (8 × 20) + (4 × 60) + (4 × 70) + (4 × 50) + (4 × 20) = 960 கிலோவாற்று மணித்தியாலம்
சராசரிக் கேள்வி = 960 ÷ 24 = 40 கிலோவாற்று
சுமைக் காரணி = 40 ÷ 70 = சுமார் 57%

வெயில் நாள்:
மொத்தச் சக்தி = (8 × 24) + (4 × 84) + (4 × 112) + (4 × 66) + (4 × 26) = 1,344 கிலோவாற்று மணித்தியாலம்
சராசரிக் கேள்வி = 1,344 ÷ 24 = 56 கிலோவாற்று
சுமைக் காரணி = 56 ÷ 112 = 50%

இப்போது விடைகளை ஒப்பிடுங்கள். மொத்தச் சக்தி 40% கூடியுள்ளது. உச்சமோ 60% கூடியுள்ளது. சுமைக் காரணி வீழ்ந்துள்ளது. அதாவது, வெப்ப நாளில் நுகர்வு கூடுவதைவிட உச்சம் விரைவாகக் கூடுகிறது. இக்கட்டடத்துக்கான வடமும் நிலைமாற்றியும் 56 கிலோவாற்றுக்கு அன்றி 112 கிலோவாற்றுக்கு ஈடுகொடுக்க வேண்டும். பெரிய வர்த்தகப் பாவனையாளர்களிடம், பயன்படுத்திய அலகுகளுக்கு மட்டுமன்றி அம்மாதத்தில் பதிவான அதியுயர் கேள்விக்கும் தனிக்கட்டணம் அறவிடப்படுவதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

8. கேள்வி உயரும் காலத்தில் வழங்கல்

பருவகாலம் கேள்வியை மட்டுமன்றி வழங்கலையும் மாற்றுகிறது. காசல்றீ, மவுசாகலை, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை முதலிய நீர்த்தேக்கங்கள் பருவமழையை நம்பியுள்ளன. தென்மேல் மழை தொடங்குவதற்கு முன்னரான மார்ச், ஏப்ரல் மாதங்களில் அவற்றின் நீர்மட்டம் தாழ்வது வழமை. நகரங்களில் குளிரூட்டற் சுமை ஏறும் காலமும் அதுவே. ஒருபுறம் தேவை ஏற, மறுபுறம் மலிவான நீர்மின்சாரம் குறைகிறது. அந்த இடைவெளியை நிலக்கரியாலும் எண்ணெயாலும் நிரப்ப வேண்டியுள்ளது.

நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த காலத்தில் மழை பொய்த்ததால் 1996 ஆம் ஆண்டிலும், பின்னர் 2001, 2002 ஆம் ஆண்டுகளிலும் நாட்டில் மின்வெட்டு அமுலாகியது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 2011 முதல் கட்டங்கட்டமாக இணைந்து 900 மெகாவாற்று கொள்ளளவைப் பெற்றது. ஆனால் எரிபொருளை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி வேண்டும். அது இல்லாதபோது நேர்வதை 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகள் காட்டின. மின்வெட்டினால் முதலில் நட்டமடைவோர் சிறு வியாபாரிகளே. பெரிய கட்டடங்களில் மின்பிறப்பாக்கி இருக்கும். தெருவோர ஐஸ்கிறீம் கடைக்கும் மீன் கடைக்கும் அது இராது.

கூரைச் சூரிய மின்சாரம் பெருகியதால் புதிய பிரச்சினை ஒன்றும் தோன்றியுள்ளது. விடுமுறை நாளில் வர்த்தகப் பகுதிகள் மூடியிருக்கும், வெயிலோ குறையாது. கேள்வி தாழ, உற்பத்தி மிகுந்தால் சமநிலையைப் பேணுவது கடினம். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பகல் வேளையில் தற்காலிகமாக நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களிடம் கோரப்பட்டமை இதனாலாகும். ஆகவே மலையின் உயரத்தைப் போலவே பள்ளத்தின் ஆழமும் மின்கட்டமைப்புக்கு முக்கியமானது.

9. உச்சத்தைக் குறைக்கும் வழிகள்

• வளிச்சீராக்கியை 24 பாகைக்குப் பதில் 26 பாகையில் வைத்தல். வெளியே 32 பாகையாயின் வித்தியாசம் 8 இலிருந்து 6 பாகையாகும். கடத்தலால் புகும் வெப்பம் 25% குறையும்.
• கூரைக்கு வெண்ணிறம் பூசுதல். மேற்குச் சுவருக்கு மரநிழல் அளித்தல். இவை கதிர்வீசலால் வரும் வெப்பத்தைத் தடுக்கும்.
• கடைக் கதவுகளை மூடி வைத்தல். வெப்பவளியும் நீராவியும் புகுவது குறையும்.
• வளிச்சீராக்கியின் வடிகட்டிகளை ஒழுங்காகத் துப்புரவு செய்தல்.
• எல்.ஈ.டி. மின்குமிழ்களைப் பயன்படுத்துதல். விளக்கின் வலு குறைவதோடு அது வெளிவிடும் வெப்பமும் குறைவதால் இரட்டை நன்மை கிடைக்கும்.
• நீர் இறைத்தல், ஐஸ் உற்பத்தி போன்ற ஒத்திவைக்கக்கூடிய வேலைகளை உச்சநேரத்துக்கு வெளியே செய்தல். இதனால் மொத்தச் சக்தி மாறாவிடினும் உச்சம் குறையும்.

10. விடை எழுதும்போது கவனிக்க

வலுவையும் சக்தியையும் மாற்றி எழுத வேண்டாம். கிலோவாற்று வேறு, கிலோவாற்று மணித்தியாலம் வேறு. "வெப்பம் கூடுவதால் மின்சாரம் கூடும்" என நிறுத்தாமல், வெப்பநிலை வித்தியாசம், வெப்பம் புகுதல், அமுக்கியின் வேலை, வலு என்னும் காரணச் சங்கிலியை முறையாக எழுதுங்கள். இடத்தையும் மாதத்தையும் குறிப்பிடுங்கள். ஏப்ரலில் கொழும்புக்குப் பொருந்துவது ஜூலையில் திருகோணமலைக்குப் பொருந்தாது.

பயிற்சி

1. ஒரு கடைத்தொகுதியின் சராசரிக் கேள்வி 45 கிலோவாற்று. உச்சக் கேள்வி 90 கிலோவாற்று.
(அ) ஒரு நாளில் செலவாகும் சக்தி யாது?
(ஆ) சுமைக் காரணி யாது?
(இ) சில வேலைகளை வேறு நேரத்துக்கு மாற்றியதால், சராசரி மாறாமல் உச்சம் 75 கிலோவாற்றாகக் குறைந்தது. புதிய சுமைக் காரணி யாது?
2. ஒரே வெப்பநிலையுடைய இரு நாட்களில் ஒரு வங்கியின் மின்கேள்வி வேறுபட்டது. வானிலை சார்ந்த காரணம் ஒன்றை விளக்குக.
3. ஏப்ரல் மாதம் மின்வழங்கலுக்கு நெருக்கடியானது எனக் கூறப்படுவதற்குக் கேள்வி சார்ந்த ஒரு காரணமும் வழங்கல் சார்ந்த ஒரு காரணமும் தருக.
4. உமது ஊரின் கடைத்தெருவில் மின்கேள்வி உச்சமடையும் மாதத்தையும் நேரத்தையும் ஊகித்து, அதற்கான இரு காரணங்களை எழுதுக.

விடைக் குறிப்பு

1. (அ) 1,080 கிலோவாற்று மணித்தியாலம் (ஆ) 50% (இ) 60%
2. சாரீரப்பதன் கூடிய நாளில் அதிக நீராவி ஒடுங்குவதால் வெளிவிடப்படும் மறைவெப்பத்தையும் வளிச்சீராக்கி அகற்ற வேண்டும்.
3. புழுக்கமும் குளிராத இரவுகளும் குளிரூட்டற் சுமையை உயர்த்துதல். நீர்த்தேக்கங்களின் மட்டம் தாழ்ந்து நீர்மின் உற்பத்தி குறைதல்.
4. இதற்கு ஒரே விடை இல்லை. உமது பிரதேசத்தின் பருவக்காற்று, பண்டிகைகள், கடைகள் திறக்கும் நேரம் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு எழுதுக. கடைக்காரர் ஒருவரிடம் எந்த மாதத்தில் மின்கட்டணம் கூடுகிறது எனக் கேட்டு உமது ஊகத்தைச் சரிபார்க்கலாம்.